கட்சிகளுக்குக் கம்பெனி பணம்: தடை போட்டால் தீருமா?

#1 நூலாம்படை

பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்புச் சொன்னபோது பெரிய பீடை ஒழிந்தது என்றுதான் பலரும் நினைத்தோம். கம்பெனிப் பணம் நின்றதா? இல்லை. கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளை என்ற பழைய வாசல் வழியாக இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

என் கேள்வி நேரானது. கட்சிகளுக்கு நிறுவனங்கள் பணம் தருவதை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன? கம்பெனிக்கு ஓட்டு கிடையாது. ஓட்டே இல்லாத ஒன்றுக்கு நன்கொடை உரிமை மட்டும் எதற்கு? பிரான்ஸ் 1995-இல் தடை செய்துவிட்டது. கனடா 2006-இல் கூட்டாட்சித் தேர்தல்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிரேசிலில் 2015-இல் உச்ச நீதிமன்றமே தடுத்துவிட்டது. நாம் மட்டும் ஏன் இழுத்துக்கொண்டே இருக்கிறோம்?

மாற்றுக் கருத்துள்ளவர்கள் வாருங்கள். ஒரு வேண்டுகோள்: உன் கட்சி எவ்வளவு வாங்கியது, என் கட்சி எவ்வளவு வாங்கியது என்று இழையை நாறடிக்க வேண்டாம்.

#2 திண்ணைவாசி

அந்த வேண்டுகோள் பத்தாவது பதிவு வரைகூடத் தாங்காது. பந்தயம்?

#3 பேரேடு

தடையை நாம் ஏற்கெனவே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டோம் நண்பரே. 1960-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி ஒரு வரம்புக்குள் நன்கொடை தரலாம் என்றார்கள். 1969-இல் இந்திரா காந்தி அரசு முழுத் தடை போட்டது. பெருமுதலாளிகளின் பணம் சுதந்திராக் கட்சி பக்கம் போய்க்கொண்டிருந்த காலம் அது, காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். தடை 1985 வரை நீடித்தது.

அந்தப் பதினாறு ஆண்டும் கட்சிகள் பட்டினியா கிடந்தன? காசோலைதான் நின்றது. பெட்டி ஓடியது. கணக்கில் காட்ட முடியாத பணத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் கணக்கில் வராத பணத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு விற்பனையைக் குறைத்துக் காட்டு, கொள்முதலை ஏற்றிக் காட்டு. கட்சிக்குப் போன ஒரு ரூபாய்க்குப் பின்னால் அரசுக்கு வராத வரி எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

இன்னொரு வழி மலர் விளம்பரம். கட்சி ஒரு மாநாட்டு மலர் போடும். யாரும் படிக்காத அந்த மலரில் கம்பெனி முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும். கணக்கில் அது விளம்பரச் செலவு, அதற்கு வரிக் கழிவும் உண்டு! இதை அடைக்கவே வருமான வரிச் சட்டத்தில் 37(2B) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கட்சி வெளியிடும் மலர், கையேடு, துண்டறிக்கை எதில் விளம்பரம் செய்தாலும் அந்தச் செலவுக்குக் கழிவு கிடையாது. என் தொழிலில் ஒரு பழக்கம்: சட்டத்தில் விசித்திரமான ஒரு பிரிவைப் பார்த்தால், அதற்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று தேடுவேன்.

#4 வாய்தா

பேரேடு சார் 1960-இலிருந்து ஆரம்பித்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்னால் நடந்ததும் முக்கியம். டாடா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தரும் வகையில் தன் அமைப்பு ஆவணத்தைத் திருத்த விரும்பியது. பங்குதாரர் ஒருவர் ஆட்சேபித்தார். விவகாரம் 1957-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அன்றைய சட்டப்படி திருத்தத்தை அனுமதித்தார். ஆனால் மனசில்லாமல். இந்தப் பழக்கம் வேகமாக வளர்ந்து, கடைசியில் ஜனநாயகத்தின் கழுத்தையே நெரித்துவிடலாம் என்று தீர்ப்பிலேயே எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

நாடாளுமன்றம் கவனித்தது. 1960-இல் அனுமதி கொடுத்துவிட்டது.

#5 செங்கல்சூளை

தோழர்கள் பழைய கதையிலேயே நிற்கிறீர்கள். தேர்தல் பத்திரம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள், மொத்த வியாதியும் அதிலேயே தெரியும்.

2017 பட்ஜெட்டோடு சேர்த்து, நிதி மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். பண மசோதா என்று முத்திரை குத்தியதால் மாநிலங்களவையால் பேச முடிந்ததே தவிரத் தடுக்க முடியவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜனவரி 30 அன்று எழுத்திலேயே ஆட்சேபித்தது: வங்கி நோட்டுபோலக் கைமாறும் ஒரு தாளை வேறு யாரும் வெளியிட அனுமதிக்கக் கூடாது, பணச் சலவைக்கு வழி ஆகும் என்று. அன்றே நிதி அமைச்சகத்தில் எழுதப்பட்ட குறிப்பு என்ன தெரியுமா? ஆலோசனை தாமதமாக வந்திருக்கிறது, மசோதா ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அதாவது ஒரு நாட்டின் மைய வங்கி சொல்வதைவிட அச்சகத்து வேலை பெரிது. அந்த ஆண்டு மே மாதம் தேர்தல் ஆணையமும் இது பின்னோக்கிய நடவடிக்கை என்று சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. அதுவும் போன இடம் தெரியவில்லை.

பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி வரை. பாரத ஸ்டேட் வங்கியில் மட்டும் கிடைக்கும். வாங்கியவர் பெயரும் இருக்காது, பெறும் கட்சியின் பெயரும் இருக்காது. 15 நாளுக்குள் கட்சி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். யாருக்கும் யாரையும் தெரியாது என்றார்கள். 2018-இல் ஒரு பத்திரிகையாளர் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் புற ஊதா ஒளியில் காட்டிப் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எண்ணும் மூலையில் மின்னின! ஆக, வங்கிக்குத் தெரியும். அரசு வங்கிக்குத் தெரிந்தால் அரசுக்கு எவ்வளவு தூரம்? தெரியாமல் இருந்தது ஓட்டுப் போடும் நமக்கு மட்டும்தான்.

அதே சட்டத்தில் இன்னொன்றையும் சத்தமில்லாமல் செய்தார்கள். மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் தரலாம் என்ற வரம்பைத் தூக்கிவிட்டார்கள். லாபமே இல்லாத கம்பெனியும் கோடிக்கணக்கில் தரலாம் என்று ஆகிவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு எங்கிருந்து வரும் பணம்? வேறு யாருடைய பணமோ உள்ளே போய் வெளியே வருகிறது, வேறென்ன.

#6 திண்ணைவாசி

சரி, நானே ஆரம்பிக்கிறேன். விற்ற பத்திரம் மொத்தம் 16,000 கோடிக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி பா.ஜ.க.வுக்கு. அதிகம் வாங்கியவர் கோவையைச் சேர்ந்த லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி. அதில் பெரும்பங்கு திரிணமூலுக்கும் தி.மு.க.வுக்கும். தி.மு.க.வுக்கு மட்டும் 509 கோடி, அவர்களே ஆணையத்திடம் சொன்னது. அ.தி.மு.க.வுக்கு வந்தது 6 கோடி சொச்சம். அதிலும் பெரும்பகுதி கொடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பத்திரமே வேண்டாம் என்று வழக்குக்குப் போன கட்சி மார்க்சிஸ்ட் மட்டும்தான்.

எல்லாரையும் சமமாகத் திட்டியாயிற்று. பத்தாவது பதிவு வரை தாங்காது என்று சொன்னேனா இல்லையா?

#7 நடுவர்

திண்ணைவாசி, இது கடைசி. இனிக் கட்சி வாரிப் பட்டியல் வேண்டாம்.

#8 முதல்போட்டவன்

எல்லாரும் கம்பெனி கட்சியை வாங்குகிறது என்றே பேசுகிறீர்கள். நான் சிறு அளவில் தொழில் செய்பவன், என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிகிறது. அமலாக்கத் துறை, வருமான வரி, மாசுக் கட்டுப்பாடு எல்லாம் யார் கையில்? கேட்பவர் யார், கொடுப்பவர் யார்? பத்திர விவரம் வெளியானபோது எல்லாரும் பேசிய சம்பவம் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 10 அன்று ஒரு மருந்துக் கம்பெனியின் இயக்குநரை அமலாக்கத் துறை கைது செய்தது. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. பத்திரம் போனது மத்தியில் ஆளும் கட்சிக்கு. பிறகு அவர் அப்ரூவர் ஆனார். இதில் யார் யாரை வளைத்தார்கள்?

பெருநிறுவனங்கள் ஜனநாயகத்தை விழுங்குகின்றன என்பது அமெரிக்காவில் இருந்து இறக்குமதியான பாட்டு. இங்கே பாதி நேரம் அது மாமூல். கடைக்காரன் ரவுடிக்குக் கொடுத்தால் அதைக் கடைக்காரனின் செல்வாக்கு என்போமா?

#9 வாய்தா

முதல்போட்டவன் அண்ணே, தேதிகள் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் தேதி அடுத்தடுத்து இருப்பது மட்டும் சாட்சியம் ஆகாது. சிறப்பு விசாரணைக் குழு வைக்கக் கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. தனித்தனிப் புகாருக்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது என்பது காரணம். லஞ்சமா மிரட்டலா என்ற உங்கள் கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை.

ஒன்று மட்டும். மிரட்டல் என்றால் ரகசியம் யாருக்கு உதவும்? மிரட்டப்பட்டவர் பெயர் வெளியே வராமல் இருப்பதால் மிரட்டுபவருக்குத்தான் வசதி. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் பழிவாங்குவார்கள் என்பதுதான் பத்திரத்துக்கு அரசு சொன்ன நியாயம். பழிவாங்கும் அதிகாரம் உள்ளவர் கைக்கு எட்டும் வங்கியிலேயே பட்டியல் இருந்தது.

#10 எறும்பு

நான் மருந்துத் துறையில் ஒழுங்குமுறை அனுமதி தொடர்பான வேலையில் இருக்கிறேன். இந்த இழையில் எல்லாரும் பணப்பெட்டியையே பார்க்கிறீர்கள். என் அனுபவத்தில் நன்கொடை என்பது அறைக்குள் நுழைய டிக்கெட். அறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் 2003-இல் மருந்துச் செலவையும் சேர்த்தார்கள். கேட்க நல்ல சட்டம். அதன் நடுவில் ஒரு வரி: மருந்துக் கம்பெனிகளுக்கும் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் இடையே நடக்கும் விலைப் பேச்சில் சுகாதாரத் துறை செயலர் தலையிடக் கூடாது. உலகத்திலேயே பெரிய மருந்துக் கொள்முதல்காரர்களில் ஒருவர் பேரம் பேசக் கூடாது என்று தனக்குத்தானே வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டார். இத்தனைக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு மருந்து வாங்கும் அதே அரசின் இன்னொரு துறை தாராளமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தது.

அந்த மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் எப்படி நிறைவேற்றினார்கள் என்பது தனிக்கதை. வாக்கெடுப்பை அதிகாலை 3 மணிக்குத் தொடங்கினார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டியது, ஓட்டு பற்றவில்லை என்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்தே வைத்து, ஒவ்வொரு உறுப்பினராகப் பிடித்து மாற்றினார்கள். மசோதாவை நடத்திக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர் பில்லி டாசின், சபையின் எரிசக்தி வணிகக் குழுத் தலைவர். 2005 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் நேராக எங்கே போனார்? மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவராக.

இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த ஒரு வரியை லேசாகத் தளர்த்த 2022 வரை ஆயிற்று. அப்போதும் முதலில் பத்தே பத்து மருந்துகள், பேசி முடித்த விலை அமலுக்கு வந்தது 2026-இல். ஒரு வரி, இரண்டு தலைமுறை நோயாளிகள். இந்த வரியின் விலையை எந்த நன்கொடையோடு ஒப்பிடுவீர்கள்? நூலாம்படை கேட்கும் தடை அமெரிக்காவில் 1907-இலிருந்தே இருக்கிறது, டில்மன் சட்டம். வேட்பாளருக்குக் கம்பெனி நேரடியாகப் பணம் தர முடியாது. தடை இருக்கும்போதேதான் மேலே சொன்னது எல்லாம் நடந்தது.

#11 நூலாம்படை

> தடை இருக்கும்போதேதான் மேலே சொன்னது எல்லாம் நடந்தது.

இது அடி. ஆனால் இங்கே அப்படி நடந்ததா? சட்டம் செய்பவர்களைப் பார்த்துக் கம்பெனிக்காகப் பேசும் லாபி என்ற தொழிலே நமக்குக் கிடையாதே?

#12 எறும்பு

தொழிலுக்குப் பதிவுதான் கிடையாது. அமெரிக்காவில் யார், எந்தச் சட்டத்துக்காக, எவ்வளவு செலவழித்தார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் என்று நமக்குத் தெரிவதே அதனால்தான். இங்கே யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதற்கு வாசலில் இருக்கும் பார்வையாளர் பதிவேடுதான் ஆவணம்.

நடந்ததா என்று கேட்டீர்கள். சிகரெட், பீடி உறைகளில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2014-இல் அறிவிக்கை வந்தது. 2015 ஏப்ரல் 1-இல் அமலாக வேண்டியது. விதிகளைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழு நிறுத்திவைக்கச் சொன்னது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று இந்தியாவில் செய்த ஆய்வு எதுவும் இல்லை என்றார் குழுத் தலைவர். குழுவில் இருந்த ஒரு உறுப்பினர் பீடித் தொழிலதிபர்! அவர் எந்தக் கம்பெனியிடமும் காசு வாங்கத் தேவையே இல்லை, அவரேதான் கம்பெனி. கடைசியில் கூச்சல் எழுந்து, 2016 ஏப்ரல் 1-இல் விதி அமலுக்கு வந்தது. ஒரு முழு ஆண்டு தள்ளிப்போனது.

#13 முதல்போட்டவன்

எறும்பு சொன்னதில் எனக்கும் உடன்பாடு உண்டு, ஆனால் அதிலேயே ஒரு சிக்கல். மருந்துக்கோ ரசாயனத்துக்கோ விதி எழுதும் அதிகாரி தொழிலில் இருப்பவரிடம் கேட்காமல் எழுதினால், அது நடைமுறைக்கு ஆகாத விதியாக இருக்கும். நானே அப்படிப்பட்ட படிவங்களோடு மல்லுக்கட்டியவன். கம்பெனிக்காரன் பேசவே கூடாது என்றால் விதியை யார் சரிபார்ப்பது?

#14 எறும்பு

பேசட்டும். நான் செய்யும் வேலையே அதுதானே. பேசியது என்ன என்று எழுத்தில் இருக்கட்டும், எதிர்த்தரப்புக்கும் அதே மேஜையில் நாற்காலி இருக்கட்டும். மசோதா வரைவை 30 நாளாவது பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. சட்டம் அல்ல, கொள்கை. அதனால் விருப்பமிருந்தால் கடைப்பிடிக்கிறார்கள். வரைவு வெளியானால் அதைப் படித்து நாற்பது பக்கத்துக்குக் கருத்து எழுதக் கம்பெனிகளிடம் ஆள் இருக்கிறது, நோயாளிகளிடம் இல்லை. இதற்கு என்னிடமும் நல்ல விடை கிடையாது.

#15 வாய்தா

அமெரிக்கா வந்துவிட்டதால் ஒரு திருத்தம். டில்மன் சட்டம் இன்னும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2010 ஜனவரி 21 அன்று சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது. வேட்பாளர் கையில் கொடுக்காதவரை, தேர்தலுக்காகக் கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அது பேச்சுரிமை என்றார்கள். பின்னாலேயே, வரம்பில்லாமல் பணம் திரட்டித் தேர்தலுக்குச் செலவழிக்கும் சூப்பர் பேக் என்னும் குழுக்கள் முளைத்தன. அடுத்த வாரமே ஒபாமா நாடாளுமன்ற உரையில் நீதிபதிகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டே தீர்ப்பை விமர்சிக்க, நீதிபதி அலிட்டோ தலையை ஆட்டி முணுமுணுத்தது தொலைக்காட்சியில் தெரிந்தது.

நம் 2024 தீர்ப்பு இதற்கு நேர் எதிர். தனிமனிதர் தரும் நன்கொடையில் அரசியல் ஈடுபாடு இருக்கலாம், கம்பெனி தருவது பெரும்பாலும் முழு வியாபாரக் கணக்கு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றது. பணம் கொடுப்பவரின் உரிமையைவிட, யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாக்காளரின் உரிமைக்கு முன்னிடம் கொடுத்தது. ஆனால் நன்கொடையே கூடாது என்று அது சொல்லவில்லை. நூலாம்படை விரும்பும் தடையை நாடாளுமன்றம்தான் போட வேண்டும், அதாவது வாங்கிக்கொண்டிருப்பவர்கள்.

#16 பேரேடு

பிரான்ஸைப் பற்றி முதல் பதிவில் பெருமையாகச் சொன்னீர்கள். 2012-இல் சர்க்கோசியின் அதிபர் தேர்தல் செலவு சட்ட வரம்பைத் தாண்டிவிட்டது. என்ன செய்தார்கள்? பிரச்சாரக் கூட்டங்களை நடத்திய பிக்மாலியோன் என்ற நிறுவனம், நடக்காத கருத்தரங்குகளுக்குக் கட்சியின் பெயரில் பில் போட்டது. 2021-இல் சர்க்கோசிக்குத் தண்டனை கிடைத்தது. நம் மாநாட்டு மலர் அங்கே கருத்தரங்காகப் பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜெர்மனியில் கட்சிகளுக்கு அரசே பணம் தருகிறது. அங்கும் 1980-களில், கட்சிகளுக்குப் பணம் கொடுத்து மாட்டிய ஃபிளிக் என்ற தொழில் குழும விவகாரத்தில் ஒரு பொருளாதார அமைச்சர் பதவியை இழந்தார்.

ஆனால் இதை நான் தடைக்கு எதிராக மட்டும் சொல்லவில்லை. பிரான்ஸில் செலவுக்கு உச்சவரம்பு இருந்தது, அதைத் தாண்டியதால்தான் பொய் பில் தேவைப்பட்டது, பொய் பில் இருந்ததால்தான் மாட்டினார்கள். நம்மூரில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் வரம்பு, கட்சிக்கு வரம்பே இல்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூடக் கிடையாது.

#17 செங்கல்சூளை

எல்லாம் டெல்லி, வாஷிங்டன் என்றே போகிறது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது எடுக்க வேதாந்தா நிறுவனம் விரும்பியது. மாநில அரசு அதன் பக்கம் நின்றது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. எந்தக் கட்சிக்கு எவ்வளவு போனாலும், முடிவு எடுக்கும் இடம் அந்த மலையின் பழங்குடிகளான டோங்ரியா கோந்துகளின் ஊர்க்கூட்டமாக இருந்தால் பணம் எங்கே போய் நிற்கும்? கொடுப்பதைத் தடுப்பதைவிட, முடிவெடுக்கும் இடத்தைப் பன்னிரண்டாக உடைப்பது மேல்.

#18 முதல்போட்டவன்

தோழர், பன்னிரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்ததே மாநில அரசு. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தன. அந்தப் பன்னிரண்டும் வேண்டாம் என்றது அரசுக்கே அதிர்ச்சி. எப்போதும் அப்படி அமையாது.

#19 செங்கல்சூளை

அமையாதுதான். அதனால்தான் அதிர்ச்சியானார்கள்.

#20 நூலாம்படை

எறும்பு சொன்னதற்குப் பிறகு தடை என்ற ஒற்றை மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது, ஆனால் தடை வேண்டாம் என்றும் தோன்றவில்லை. டிக்கெட் விலையாவது வெளியே தெரிய வேண்டும் அல்லவா? ஒரு நடைமுறைக் கேள்வி. நான் சில கம்பெனிகளில் சொற்பப் பங்கு வைத்திருக்கிறேன். என் பணத்தையும் சேர்த்துத்தானே கொடுக்கிறார்கள்? யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க முடியுமா?

#21 பேரேடு

கேட்கலாம். இங்கிலாந்தில் 12 மாதத்தில் 5,000 பவுண்டுக்கு மேல் அரசியல் நன்கொடை தர வேண்டுமானால் பங்குதாரர்கள் முன்கூட்டியே தீர்மானம் போட்டு அனுமதிக்க வேண்டும். இங்கே இயக்குநர் குழுத் தீர்மானம் போதும், உங்களைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும். 2024 தீர்ப்பால் கம்பெனிச் சட்டம் 182-ஆம் பிரிவின் பழைய வடிவம் திரும்பிவிட்டது: 7.5 சதவீத வரம்பும் உண்டு, லாப நட்டக் கணக்கில் தொகையோடு கட்சியின் பெயரையும் காட்ட வேண்டும்.

ஆண்டறிக்கையில் முதல் பக்கங்களில் தேடாதீர்கள், அங்கே மரம் நடும் படம்தான் இருக்கும். நிதிநிலை அறிக்கைக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் 'இதர செலவுகள்' என்ற தலைப்பைப் பிடியுங்கள். கட்சியின் பெயருக்குப் பதிலாக ஏதாவது தேர்தல் அறக்கட்டளையின் பெயர் இருந்தால் அங்கேதான் சங்கிலி அறுகிறது. அறக்கட்டளை அந்த ஆண்டு வாங்கியதில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரிடம் வாங்கியது என்று ஒரு பட்டியலும், எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று ஒரு பட்டியலும் ஆணையத்திடம் தரும். எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று இரண்டையும் இணைக்கும் கோடு மட்டும் இருக்காது. அந்தக் கோட்டைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் இப்போது பெரும்பாலும் காணொலியில் நடக்கிறது. பேச வேண்டுமானால் அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் பேச்சாளராகப் பதிவு செய்யுங்கள். கேள்வியைத் தனியாக மின்னஞ்சலிலும் கம்பெனிச் செயலருக்கு அனுப்பிவிடுங்கள். நேரலையில் மட்டும் கேட்டால், "சார், உங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.